அம்மாவுக்கு மட்டும்

டீயில் எனக்கு அரைக் கரண்டி சர்க்கரை போதும் என்று வெளியே இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள், சார். போன தடவை கொடுத்தது பாகு மாதிரி இருந்தது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், பழக்கம் அப்படி ஆகிவிட்டது. டீச்சர் கலந்தால் அளவு பிசகவே பிசகாது.

நீங்கள் கேட்டதை எல்லாம் வரிசையாகவே சொல்கிறேன். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிறவன் இல்லை நான். செல்போன் பழுது பார்க்கிறவன் அப்படி இருந்தால் பிழைக்க முடியாது. ஒரு போனைப் பிரித்தால் பத்துப் பதினைந்து ஸ்க்ரூ இருக்கும், ஒவ்வொன்றும் எள்ளளவு. எந்த ஸ்க்ரூ எந்தக் குழியிலிருந்து வந்ததோ அதே குழிக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் எனக்கு ஒன்றுகூட மாறியதில்லை.

நான் செய்தது என் வீட்டு வைஃபையின் பெயரை மாற்றியது. உப்புப் பெறாத வேலை. ஒரு பல்பு மாட்டுகிற நேரம்கூட ஆகாது. எதற்காக மாற்றினேன் என்பதற்குத்தான் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

டீச்சர் என் வீட்டுக்கு நேர் மேலே இருந்தார். அதற்கு மேல் மொட்டைமாடிதான். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். கணவர் போய்ப் பல வருஷம். மகன் வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறார். கூட இருந்தது மகள். இருபத்தாறு வயதாகி ஆபீஸ் போய்க்கொண்டிருந்த பெண்ணுக்கு வீட்டில் பெயர் வாலு. கட்டடத்தில் நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

அவர்கள் வீட்டில் நெட் கிடையாது. ரெண்டு பாட்டு கேக்கறதுக்கு எதுக்குத் தனியா ஒரு பெட்டி என்பது டீச்சரின் கட்சி. வாலு தன் போனின் ஹாட்ஸ்பாட்டை எப்போதும் போட்டே வைத்திருப்பாள். சாயங்காலம் அவள் கீழே வாசலைத் தாண்டிப் படியேறும்போதே மேலே டீச்சரின் போன் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குறியைப் பார்த்துவிட்டு, "வந்துட்டா மகராசி" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் அடுப்பைப் பற்றவைப்பார். அவர்கள் தரைதான் எனக்குக் கூரை, சார். எனக்கு எல்லாம் கேட்கும்.

அந்த ஹாட்ஸ்பாட்டை அமைத்துக் கொடுத்தது நான். வாலு புதுப் போன் வாங்கிய அன்று இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டேன். "அம்மாவுக்கு மட்டும்னு போடுங்கண்ணா. ஆபீஸ்ல ஒரு பட்டாளமே என் நெட்டைத் தின்னு தீக்குது" என்றாள். பாஸ்வேர்டுக்கு எட்டு இலக்கம் வேண்டும் என்றேன். டீச்சர் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த தேதியைச் சொன்னாள். "இதைத்தாம்மா நீ மறக்கவே மாட்டே" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பெயரையும் தேதியையும் அடித்தது என் விரல். டீச்சர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இதை நீங்கள் குறித்துக்கொள்வது நல்லது.

அதற்கு அடுத்த வருஷம் வாலு ஆபீஸ் கூட்டத்தோடு ஒரு ஆற்றுக்குப் போனாள். படகு கவிழ்ந்தது. ஏழு பேரில் ஐந்து பேரை எடுத்தார்கள். வாலு கிடைக்கவில்லை, அவளுடைய போனும் கிடைக்கவில்லை. அன்று காலையில் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. லீவு நாள்லகூட வீடு தங்க மாட்டியா என்று ஆரம்பித்து, "போய்த் தொலை" என்று டீச்சர் முடித்திருக்கிறார். எந்த வீட்டில் சொல்லாத வார்த்தை அது. டீச்சர் இதை மகனிடம்கூடச் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.

சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மகளின் குரல் பதிவுகள் அவர் போனில் இருந்தன, நாற்பது ஐம்பது இருக்கும். "அம்மா, பால் வாங்கிட்டியா", "அம்மா, லேட்டாகும்", இப்படி. அவை அழிந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். நான் மூன்று இடங்களில் நகல் எடுத்துக் கொடுத்தேன். நன்றிக்காக மறுநாள் நாலு மணிக்கு ஒரு ஃபிளாஸ்கில் டீயோடு கீழே வந்தார். மதியம் கடையை அடைத்துவிட்டு நான் வீட்டில் இருக்கும் நேரம் அது. அதற்கு மறுநாளும் வந்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் வாலுவைப் பற்றிப் பேசுவார், அழுவார், மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு டம்ளர் ஊற்றுவார். எனக்கு நாற்பத்து மூன்று வயது. எனக்கென்று ஒருவர் அளவு பார்த்து டீ போட்டது அந்தப் பத்து மாதம்தான்.

பதினோராவது மாதம் அவருக்குத் தேற ஆரம்பித்தது. அதை முதலில் கவனித்தவன் நான்தான். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் கணக்கு டியூஷனுக்கு வந்தார்கள். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு வாரத்தில் இரண்டு நாள் டீ வரவில்லை. மறந்துவிட்டாராம். பரவாயில்லை என்றேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தார். "தம்பி, மாசக் கடைசில பெரியவன்கிட்டயே போயிடலாம்னு இருக்கேன். போனவ போயிட்டா. நான் எத்தனை நாள்தான் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது." சொல்லும்போது அவர் முகம் தெளிவாக இருந்தது. "இந்த ஃபிளாஸ்கை நீயே வச்சுக்கப்பா, அங்க எனக்கெதுக்கு" என்று கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

ஃபிளாஸ்க் தானாக டீ போடாது, சார். காரியம் ஆகும்வரைக்கும் தம்பி, ஆனபிறகு கறிவேப்பிலை. எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது. மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் கோபத்தில் செய்யவில்லை. இரண்டு நாள் ஆறப் போட்டு, புதன்கிழமை மூன்றரை மணிக்குச் செய்தேன்.

ரவுட்டரின் பழைய பெயரை அழித்துவிட்டு "அம்மாவுக்கு மட்டும்" என்று அடித்தேன். பாஸ்வேர்டு அதே தேதி. உங்களுக்கு இது தெரிந்திருக்கும்: பெயரும் பாஸ்வேர்டும் ஒத்துப்போனால் போன் யாரையும் கேட்காது, பழைய இடம் என்று நினைத்துத் தானே ஒட்டிக்கொள்ளும். மேலே டீச்சர் துணிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. ஏதோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. கடிகாரத்தைப் பார்த்து ஏழு நிமிஷம் விட்டுவிட்டுப் பழைய பெயருக்கே மாற்றினேன். முதல் நாளே அதிகம் கூடாது.

செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்தார். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "தம்பி, வாலு வந்தா. இதுல வந்தா. எனக்குப் பைத்தியம் எதுவும் பிடிச்சிருச்சா, பாருப்பா."

வாங்கிப் பார்த்தேன். பார்ப்பதற்கு எடுத்துக்கொள்ள வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டேன். "பைத்தியம் இல்ல டீச்சர். மூணு மணி முப்பத்தோரு நிமிஷத்துக்குச் சேந்திருக்கு. பேரு மட்டும் இருந்தாப் பத்தாது, பாஸ்வேர்டும் சரியா இருந்தாத்தான் சேரும். அது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். வேற யாருக்குத் தெரியும்."

நான் ஒரு நிமிஷம் காத்திருந்தேன். அவர் முகத்தையே பார்த்தேன். என் கடையில், அவர் கண் முன்னால், நான் அடித்த எட்டு இலக்கம். அவருக்கு அது நினைவுக்கு வந்திருந்தால் அன்றைக்கே நான் எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பேன். வரவில்லை. அட்டைப்பெட்டிகளைப் பிரித்துவிட்டேன் என்று மறுநாள் சொன்னார். ஃபிளாஸ்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் டீ போட்டுக் கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று தடவை, நான்கு தடவை மாற்றினேன். நேரத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டேன். மகன் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் முன்கோபம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க தொழில் தெரிஞ்சவர். இதெல்லாம் நடக்குமா? நீங்களாவது அம்மாக்கு எடுத்துச் சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நடக்காதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. தண்ணி காஞ்சு திரும்ப வேலை செஞ்ச போனை என் கையாலயே பாத்திருக்கேன்" என்றேன். அது உண்மைதான். அன்று சாயங்காலம் மேலே பெரிய சத்தம். "அவ செத்துட்டாம்மா, எத்தனை தடவை சொல்றது" என்று மகன் கத்தியது தெருவுக்கே கேட்டது. இனி என் வாசப்படி மிதிக்காதே என்று டீச்சர் சொன்னதும் கேட்டது. அவர் மிதிக்கவில்லை. அடுத்து வந்தது பிணத்தை வாங்கத்தான்.

டீச்சர் டியூஷனை நிறுத்திவிட்டார். சாப்பாடும் குறைந்துவிட்டது, ரவிக்கை தோளில் தொங்கியது. நாள் முழுக்கப் படிக்கட்டில் போனோடு நின்றார். ஆனால் கணக்கு டீச்சர் கணக்கு டீச்சர்தான், சார். ஒரு நோட்டுப் போட்டு, கட்டம் கீறி, எந்தப் படியில் எத்தனை மணிக்கு போன் எத்தனை சிக்னல் கோடு காட்டியது என்று எழுத ஆரம்பித்தார். நான் அந்த நோட்டைப் பார்த்து உள்ளுக்குள் பாராட்டினேன். மூன்றே வாரத்தில் கட்டங்கள் எல்லாம் சேர்ந்து என் வீட்டு வாசலைக் காட்டின.

நாலு மணிக்கு வந்து நின்றார். ஃபிளாஸ்க் இல்லை. என்மேல் சந்தேகப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை. என்னைத் தாண்டி, சாத்தியிருந்த உள் அறைக் கதவைப் பார்த்தார். "உள்ள இருக்காளா தம்பி? நான் அப்படிச் சொன்னதால வர மாட்டேங்கறாளா? திட்ட மாட்டேன்னு சொல்லு." நான் பதில் சொல்வதற்குள் அந்தக் கதவருகே போய்ப் பலகையில் கையை வைத்து, மெதுவாகச் சொன்னார்: "வாலு, அம்மா சும்மா சொன்னேன்டி."

கதவைத் திறந்தேன். கட்டிலும் பழைய போன் பெட்டிகளும் இருந்தன. அலமாரி மேல் ரவுட்டர் பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் அதையும் பார்த்தார். கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார். இன்று இல்லாவிட்டால் நாளை, நாளை இல்லாவிட்டால் அதற்கு மறுநாள், அந்தக் கணக்கு அவருக்கு விடை வந்துவிடும் என்று எனக்குப் புரிந்தது. வந்துவிட்டால் ஃபிளாஸ்க் திரும்ப வராது. என் முகத்தில்கூட விழிக்க மாட்டார். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"சிக்னல் மேலருந்து கீழ இறங்கும் டீச்சர். மொட்டைமாடில பாத்தீங்களா?" என்றேன்.

மொட்டைமாடியில் தெருப் பக்கத்துக் கைப்பிடிச் சுவர் மழையில் இடிந்து, அந்த இடத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். வியாழக்கிழமை மதியம் ரவுட்டரை அங்கே கொண்டுபோனேன். வயரை இழுக்கக் கயிறு இடைஞ்சலாக இருந்தது, அவிழ்த்துச் சுருட்டி ஓரமாக வைத்தேன். வெயில் பட்டால் ரவுட்டர் கெட்டுவிடும் என்பதால் சுவருக்கு அந்தப் பக்கம், சன்ஷேடின் மேல், நிழல் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். சாரல் அடித்து அங்கே பாசி பிடித்திருந்தது. நான் முழங்காலிட்டு, ஒரு கையால் இடிந்த சுவரின் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வைத்தேன். பிறகு கீழே இறங்கி வந்து, என் போனிலிருந்தே பெயரை மாற்றினேன். எல்லாக் கோடும் வேண்டுமென்றால் அந்தச் சன்ஷேடு வரைக்கும் போக வேண்டும்.

அன்று நானே டீ போட்டேன், இரண்டு பேருக்கு. தலைக்கு மேல் காலடி நடந்து, வெளியே போய், படியேறியது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு "வாலு" என்று ஒரே ஒரு தடவை கேட்டது. பயந்து கூப்பிட்டது இல்லை, சார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையைக் கூப்பிடுகிற குரல் அது. எத்தனை தாய்க்குக் கடைசி நிமிஷம் அப்படி அமையும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தெருவில் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். நான் முதலில் பெயரைப் பழையபடி மாற்றினேன், கீழே நிற்கிறவர்கள் கையிலும் போன் இருக்குமே. அதன்பிறகுதான் இறங்கிப் போனேன்.

விழுவார் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். தெரிந்துதான் வைத்தேன். ரவுட்டருக்குள் எல்லா மாற்றமும் நாள், நேரத்தோடு பதிவாகியிருக்கும், எடுத்துப் பாருங்கள். அழிக்கத் தெரியாமல் விடவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. உங்கள் மேஜைமேல் இருக்கிற அந்த நோட்டு டீச்சருடையது. முதல் பக்கத்தைப் பாருங்கள். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் என்று எழுதி, நான், வாலு, ஆக இரண்டு பேர் என்று அடிக்கோடு போட்டிருக்கிறார். அவ்வளவு படித்தவர், ஒரு சின்னக் கூட்டலில் தவறிவிட்டார். பேனாவை இப்படிக் கொடுங்கள், சார், திருத்திவிடுகிறேன். மூன்று பேர். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்.