பன்னிரண்டாவது தொட்டியில் ஆள்

ராத்திரி பத்தடிக்க ஐந்து நிமிஷம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் கடைசி ரோடு. இரண்டு பக்கமும் கருவேல முள். நிறுத்திப் போட்ட லாரிகள்... ஒன்றிலும் டிரைவர் இல்லை. அந்த ரோட்டில் ஜெரால்ட் நைட் ஷிப்டுக்குப் பைக்கில் போய்க்கொண்டிருந்தான்.

ஜெரால்ட் யாரென்றால், நம் அந்தோணியின் மருமகன். ஆரம்பாக்கத்துக்காரன். கதை கட்டிச் சொல்ல அவனுக்கு மூளை பற்றாது. அதனால்தான் இதை நம்ப வேண்டியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கத்திச் சொல்கிற சங்கதி இல்லை.

பெயிண்டுக்குப் பிசின் காய்ச்சும் கம்பெனி அது. முதலில் நாலே தொட்டி. ஒவ்வொன்றும் மாடி உயரம். உள்ளே கிண்டிவிட இரும்புத் துடுப்பு. ஆறு பேர் ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. தொட்டிக்கு ஒரு படம். எவ்வளவு சூடு, எவ்வளவு மட்டம், துடுப்பு சுற்றுகிறதா, எல்லாம் திரையில். தொட்டி நாலு எட்டாகி, பன்னிரண்டாகப் போனது. ஆட்கள் ஆறு மூன்றாகி, ராத்திரிக்கு ஒருத்தன் என்றாகிவிட்டது. படம் பார்த்துக்கொள்ளுமாம். படம் என்னத்தைப் பார்க்கும்?

அங்கே ஒரு கட்டுப்பாடு. தொட்டி கழுவ எவன் இறங்கினாலும் முதலில் கண்ட்ரோல் ரூமில் பெயர் சொல்ல வேண்டும். படத்தின் மேல் மஞ்சளாகக் குறி போடுவார்கள். ‘ஆள் உள்ளே’, பக்கத்தில் பெயர். குறி இருக்கும்வரை துடுப்பு சுற்றாது. இறங்கினவன் வெளியே வந்து தன் வாயால் சொன்னால்தான் குறியை எடுப்பார்கள்.

நாலாவது தொட்டியில் இறங்கிய பச்சையப்பன் வந்து சொல்லவில்லை. உள்ளே தேங்கிய விஷக்காற்று ஆளை அடித்துவிட்டது. பிணமாகத்தான் தூக்கினார்கள். தொட்டியை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. அதன் படம் மட்டும் மஞ்சள் குறியோடு கம்ப்யூட்டரில் கிடந்தது. குறியில் கை வைக்க எவனுக்கும் தைரியமில்லை.

பன்னிரண்டாவது தொட்டிக்குப் படம் போட மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் புதிதாக வரையச் சோம்பல்பட்டார்கள். சும்மா கிடந்த நாலாவது படத்தை நகலெடுத்து, எண்ணை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். படித்தவர்கள்.

அன்றைக்கு விடிவதற்குள் அந்தத் தொட்டி ஓடியாக வேண்டும். ஓடினால் காண்ட்ராக்டில் இருக்கிற ஜெரால்டுக்கு பர்மனென்ட் ஆர்டர். நடுவில் சீட்டை விட்டு எழுந்து போனால் வேலையே கிடையாது. வீட்டில் பெண்டாட்டி பிரின்சிக்கு ஏழு மாதம்.

ஒன்றரை மணிக்குப் படத்தைத் திறந்தான். துடுப்பைச் சுற்று என்று உத்தரவு கொடுத்தான். சுற்றவில்லை. மேலே மஞ்சள் குறி. ஆள் உள்ளே... பச்சையப்பன்.

குறியை அழித்தான். பத்து எண்ணுவதற்குள் திரும்ப வந்தது. அழித்தான். வந்தது. மூன்றாவது தடவையும் வந்தது.

உள்ளே நிஜமாகவே எவனாவது இருந்தால்? எவனும் பார்ப்பதற்குள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாமென்று, மாடி கண்ட்ரோல் ரூமிலிருந்து டார்ச்சோடு இறங்கினான். தொட்டி வாய் திறந்திருந்தது. சரக்... சரக்... தகட்டால் சுரண்டுகிற சத்தம். குரல் கொடுத்தான். சத்தம் நின்றது. ஒரு சொட்டுப் பிசின் ஊற்றாத புதுத் தொட்டி அது. அதிலிருந்து கருகிய பிசின் நாற்றம் குப்பென்று வந்தது.

மேலே ஓடிவந்து இன்ஜினியர் அன்புசெல்வனுக்கு போன் போட்டான். கேட் ஆபீசில் தூங்கிக்கொண்டிருந்த மனுஷன். கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தார்.

“இன்னா ஜெரால்டு, பழைய படத்த நகலெடுத்துக்கினு குறிய எடுக்காம உட்டுட்டானுங்க. அதுக்குப் போயி ஒதறிக்கினு கீற?”

“அழிச்சா மறுபடி வருது சார். உள்ள சொரண்டற சத்தம் கேக்குது.”

“எலியா இருக்கும். நானே எறங்கிப் பாக்கறேன். நீ சீட்ட உட்டு அசையாத.”

“பேர் போட்டுக்கினு எறங்குங்க சார்.”

“ரெண்டு நிமிசத்துக்கு எவன்டா பேர் போடுவான்?”

போனார். ஏணியில் ஷூ இறங்கும் சத்தம் கேட்டது. ஜெரால்ட் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மஞ்சள் குறி... தானாகப் போய்விட்டது.

முன்னே கொடுத்த உத்தரவு காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இருபது விநாடிக்குச் சங்கு ஊதும், அப்புறம் துடுப்பு சுற்றும். சங்கு ஊத ஆரம்பித்தது. நிறுத்து என்று அழுத்தினான். திரை அசையவில்லை. மறுபடி அழுத்தினான். அசையவில்லை. வேலையாவது ஆர்டராவது... நாற்காலியைத் தள்ளிவிட்டு இரும்புப் படியில் விழுந்தடித்து இறங்கினான். படியில் எதிரே ஏதோ குளிர்ச்சியாகத் தோளை உரசியது. நின்று பார்க்கவில்லை. கீழே போய்ப் பன்னிரண்டாவது தொட்டியின் சுவிட்சைப் பிடுங்குகிற மாதிரி இறக்கினான்.

கிரீச்... துடுப்பு அரைச் சுற்று சுற்றி நின்றது.

எவ்வளவு நேரமோ. அப்புறம் தொட்டி வாயில் ஒரு கை தெரிந்தது. அன்புசெல்வன்தான். உயிரோடு வந்தார். வெள்ளைச் சட்டையில் இரண்டு தோளிலும் ஈரமாகக் கறுப்புக் கைத்தடம். ஒரு தோளின் மேல் பாதம் ஊன்றிய தடமும் இருந்தது.

“எம்மேல ஏறிக்கினு வெளிய போச்சுடா,” என்றார்.

தரையில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். தொட்டியிலிருந்து வெறுங்கால் தடம், ஈரமாக. ஜெரால்ட் இறங்கி ஓடிவந்த அதே படியில் ஏறியிருந்தது. கண்ட்ரோல் ரூம் கதவுக்குள் போயிருந்தது. திரும்பி வந்ததாகத் தடம் இல்லை.

அன்புசெல்வன் கேட் பக்கம் நடந்துவிட்டார். ஷிப்டு முடிய இன்னும் நாலு மணி நேரம். பிரின்சியை நினைத்துக்கொண்டு ஜெரால்ட் கதவைத் தள்ளினான்.

உள்ளே ஒருவரும் இல்லை. அவன் தள்ளிவிட்டு ஓடிய நாற்காலி மேஜையோடு ஒட்டி இழுத்துப் போட்டிருந்தது. திரை திரும்ப வேலை செய்தது. கீழே போய் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தான். தொட்டி ஓடியது. பொழுது விடியும்வரை அவன் நின்றுகொண்டே வேலை பார்த்தான். ஆர்டர் வந்து வருஷம் ஒன்றாகிறது. இன்றைக்கும் நைட் ஷிப்டில் நின்றுகொண்டுதான் பார்க்கிறான்.

உட்கார்ந்தால் என்னடா என்று அந்தோணி கேட்டதற்கு, அவன் சொன்னது ஒன்றுதான். அந்த நாற்காலியின் மெத்தை, ராத்திரியானால், அமுங்கியே இருக்கிறதாம்.