முதல்ல ஆமை, அப்புறம் கொக்கு

மாமியார்: காலையிலேருந்து கேக்கறேன், அந்த ஆமைக்கு மட்டும் ஏம்மா இப்படி ஒரு தலையெழுத்து? முதல் அடியும் அதுக்குத்தான், கடைசி அடியும் அதுக்குத்தான்...

மருமகள்: யாராவது வாங்கித்தானே ஆகணும் அத்தை. இந்த போன் ஆட்டத்துல ஆளுக்கு மூணு மிருகம்தான். மூணும் அடிக்கிறதாவே இருந்தா...

மாமியார்: அவன் டீம் அப்படித்தானே இருக்கு?

மருமகள்: உங்க பிள்ளை டீம் வேற எப்படி இருக்கும்? கேட்டா, 'நான் அடிக்கிற அடியில எதிராளி எந்திரிச்சாத்தானே எனக்குத் தற்காப்பு வேணும்'பார்.

மாமியார்: சின்னதுலயே அப்படித்தான். முதல்ல ஓடுவான். முள்ளு குத்தின பிறகுதான் செருப்பைத் தேடுவான்.

மருமகள்: அதுக்குத்தான் பாறையாமை. முதல்ல இறங்கி, களம் பூரா முள்ளைத் தூவிடும். அவர் பக்கம் யார் உள்ளே வந்தாலும் குத்தும்.

மாமியார்: அவன் சும்மா இருப்பானா? போட்டு அடிப்பானே.

மருமகள்: அடிக்கட்டும். ஆமை தாங்கும்.

மாமியார்: உன் மாமனார் மாதிரின்னு சொல்லு. கல்யாணம் ஆன நாள்லேருந்து கத்தறேன், அந்த ஓட்டுல ஒரு கீறல் விழுந்திருக்கா?

மருமகள்: சிரிக்க வைக்காதீங்க அத்தை. கை தவறி எதையாவது அமுக்கிடப்போறேன்.

மாமியார்: சரி சரி. கொக்கு எப்ப வரும்?

மருமகள்: ஆமை விழுந்ததும். தீக்கொக்குக்கு அடி படாம ஒரே ஒரு வாய்ப்பு கிடைச்சாப் போதும். ஒரு ஆட்டம் ஆடும்...

மாமியார்: சண்டைக்கு நடுவுல ஆட்டமா! விளங்கிடும்.

மருமகள்: ஆடிட்டா வேகமும் பலமும் ரெண்டு மடங்கு. அப்புறம் அவரோட மூணும் வரிசையா காலி. ஆடறதுக்கு முன்னாடி மட்டும் அவரோட மழைத்தவளை எதிர்ல வந்துடக் கூடாது. கொக்கு மேல தண்ணி பட்டா... அவ்வளவுதான். கதை முடிஞ்சுது.

மாமியார்: ஏம்மா... அவன் ஜெயிச்சா நிஜமாவே வேலையை விட்டுடுவானா?

மருமகள்: நாளைக்கு ராஜினாமான்னு ஆபீஸ்ல பாதிப் பேருக்குச் சொல்லியாச்சு. இனிமே முழு நேரமும் இந்த ஆட்டம்தானாம். அழுதேன், கத்தினேன், சாப்பிடாமக்கூட இருந்து பார்த்தேன்...

மாமியார்: நீ சாப்பிடாம இருந்தியா? எப்போ?

மருமகள்: அத்தை!

மாமியார்: சரி, சொல்லு.

மருமகள்: 'நான் சொல்லிக் குடுத்த ஆட்டம்தானே, ஒரே ஒரு தடவை என்னை ஜெயிச்சுக் காட்டு, வேலையை விடலை'ன்னுட்டார். இதுவரைக்கும் நான் ஜெயிச்சதே இல்லை. பயமா இருக்கு அத்தை.

மாமியார்: பயப்படாதே. நான் உன் பக்கம்தான்.

மருமகள்: ம்ம்...

மாமியார்: அது என்ன 'ம்ம்'?

மருமகள்: ஒண்ணுமில்லை. மத்தியானம் அவர் உங்க மடியில தலை வச்சுப் படுத்திருந்தாரே...

மாமியார்: பெத்தவ மடி, படுக்கறான். வாடகையா கேக்க முடியும்?

மருமகள்: கிசுகிசுன்னு என்னமோ பேச்சு வேற.

மாமியார்: நரைமுடி பிடுங்கினேன். வலிக்குதுன்னான்.

மகன்: ஹால்ல நான் ரெடி! உள்ளே மிருகங்களோட வரிசையைக் குடுத்தாச்சா? குடுத்த பிறகு மாத்த முடியாது, சொல்லிட்டேன்!

மருமகள்: குடுத்தாச்சு! ஆரம்பிங்க!

மகன்: அம்மா அங்கேயா இருக்காங்க?

மாமியார்: இங்கதான்டா காத்து வருது! ... ஏம்மா, காலையில சொன்ன வரிசைதானே? மாத்திடலையே?

மருமகள்: அதேதான் அத்தை. ஷ்ஷ்... வருது. அவரோட இடிக்கடாதான் முதல்ல வரும், பாருங்க. ஆமை ஓட்டை உடைக்க அவர்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு. முட்டறதுக்கு முன்னாடி பின்னாடி போய் ஒரு தடவை தம் கட்டும். நமக்கு அந்த ஒரு நிமிஷம் போதும்... வா... வா ராசா...

மாமியார்: வந்துடுச்சா?

மருமகள்: இது கடா இல்லையே...

மாமியார்: பின்னே என்னம்மா?

மருமகள்: தவளை.

மாமியார்: எது, அந்த மழைத்தவளையா? நல்லதாப் போச்சு! ஆமைக்கு ஈரம்னா என்ன பயம்... ஆமா, நம்ம பக்கம் நிக்கறது ஆமை மாதிரியே இல்லையே. காலு நீளமா, ஒத்தைக்கால்ல...

மருமகள்: அத்தை. மத்தியானம் அவர்கிட்ட என்ன சொன்னீங்க?

மாமியார்: கோவிச்சுக்காதே. 'அவ எதை முதல்ல இறக்கறா, ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா'ன்னு கெஞ்சினான்...

மருமகள்: சொல்லிட்டீங்களா?

மாமியார்: சொல்வேனா நானு? அவன் வேலை போச்சுன்னா எனக்கும்தானே கஷ்டம். பெத்த பிள்ளை தலையில கையை வச்சுக்கிட்டே கூசாமப் பொய் சொன்னேன். முதல்ல கொக்கு, அப்புறம்தான் ஆமைன்னு. எல்லாம் உனக்காகத்தான்டி... ஏன் இப்படிப் பார்க்கறே?

மகன்: அய்யய்யோ! உன் கொக்கு தொப்பலா நனைஞ்சு போச்சே! அம்மா, நீ தெய்வம்மா!

மருமகள்: பிள்ளைப்பாசத்துல நீங்க எப்படியும் அவர்கிட்ட உளறிடுவீங்கன்னுதான் அத்தை... ஆமை முதல்லன்னு உங்ககிட்ட நான் பொய் சொன்னேன்.