ஒரு மலைக்கு ரெண்டு கங்காணி

மூணாறு போகிற பஸ்ஸில் என் முன் இருக்கைப் பெண், மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த அண்ணன் மனைவியிடம் சொன்னாள்: "நெட்டைக் குடுத்தா செத்துப்போகுது மதினி. அம்புக்குறி கூட நகராது. நெட்டை எடுத்தா பொழைச்சுக்கிடுது."

"எப்ப இருந்து?"

"நேத்து ஆன்டிவைரஸ் போட்டதுல இருந்து. மத்தியானம் இதுலதான் இன்டர்வியூ."

"ஒங்க அண்ணன் முன்னமே ஒண்ணு போட்டிருந்தாருல்ல?"

"ரெண்டு இருந்தா நல்லதுதானே."

"ஆளுகளை வேலை வாங்க ஒரு மலைக்கு ரெண்டு கங்காணி ஆகுமா? நெட்டுல வாற ஒவ்வொண்ணையும் ரெண்டும் நிப்பாட்டி விசாரிக்குது. லேப்டாப் எப்படி அசையும்? எங்க எஸ்டேட் ஆபீஸ்லயும் இப்படித்தான் நின்னுச்சு. நீ போட்டதை எடு."

அவள் அதை நீக்கிவிட்டு, லேப்டாப்பை அணைத்துத் திறந்தாள். மாட்டுப்பட்டி தாண்டி ரேஞ்ச் வந்ததும் போனிலிருந்து நெட் கொடுத்தாள். பக்கம் திறந்தது. அம்புக்குறி விரல் போன பக்கமெல்லாம் ஓடியது.

"நான் சொன்னேன்ல," என்றாள் மதினி.

"நம்ம வீட்டுலயும் ரெண்டு கங்காணி இருக்கீங்களே மதினி. எங்க அம்மாவும் நீங்களும்."

"அதனாலதான் நான் லீவு நாள்லயும் ஆபீஸுக்குப் போறேன்."