சின்னத்தாயியின் கடைசிப் பக்கம்

— ஐயையோ, கண்ணம்மாளம்மா, டம்ளரை அந்தப் பக்கம் நகத்துங்க! காப்பி கொட்டிருச்சுன்னா போச்சு. என் இருபது வருச அலைச்சல் இந்த முப்பத்தொரு படந்தான்.

— பதறாதீங்க சாமி. ஏனுங்க, சேலத்துலருந்து பஸ் ஏறி மலைமேல இந்த வெள்ளக்கடை ஊருக்கு வந்தது இந்தப் பொம்மைப் படத்துக்குங்களா?

— பொம்மைப் படமா! சத்தியமா சொல்றேன், சந்தனக்கட்டை கடத்துறவனை ஒத்தையாளா மடக்குன காப்பிக்காட்டுச் சின்னத்தாயிம்மா இவ! காமிக்ஸ் புஸ்தகம் ஊரெல்லாம் வித்துச்சு. ஆனா மை தொட்டுக் கையால வரைஞ்ச அசல் ஒண்ணே ஒண்ணுதானே? அச்சாபீசுப் பரண், பழைய பேப்பர் கடைன்னு பொறுக்கிச் சேத்தேன். முப்பத்திரண்டாவது பக்கம் மட்டும் உங்க வீட்டுல மாட்டிக்கிச்சு.

— அதென்னங்க, இவ முதுகுல வெள்ளையா பூசியிருக்குது?

— அதான் அசலுக்கு அடையாளம்! அச்சுல தெரியாது. புஸ்தகம் போட்ட மெட்ராசு ஆபீசுல டீத்தோட்டம்னு நெனச்சு, முதுகுல கூடை வைக்கச் சொல்லியிருக்காங்க. இதை வரைஞ்ச உங்கப்பா மூக்கன், வெச்ச கூடையை வெள்ளை பூசி அழிச்சுட்டு, இடுப்புல பையைக் கட்டிவிட்டுட்டாரு. மனுசன் என்னா ரோசக்காரர் பாருங்க!

— முதுகுல கட்டுனா காப்பிச்செடிக் கெளையில மாட்டிக்குமுங்க. பறிக்கிறவளுக்குத்தான் அந்தத் தொல்லை தெரியும். சரி, இந்தாங்க நீங்க கேட்ட பக்கம்.

— அடேங்கப்பா... இதேதான். சின்னத்தாயி பள்ளத்துல விழுந்துட்டா, அதோட கதை முடிஞ்சுது. நாலாவது படிக்கிறப்ப இதைப் பாத்துட்டு ரெண்டு நாள் சோறு திங்கலை நான். முப்பத்திரண்டும் சேந்துருச்சும்மா! ஜெயிச்சுட்டேன்! சொல்லுங்க, இதுக்கு என்ன வேணும்?

— ஒண்ணும் வேண்டாமுங்க. அந்தச் சோறு திங்காத சங்கதிய லெட்டருலயே எழுதியிருந்தீங்க. படிச்சுப்போட்டு எனக்கு நொம்ப சங்கடமாப் போச்சு. அதான் இதையும் எடுத்து வெச்சேன். பாருங்க.

— இதென்னம்மா, முப்பத்து மூணுன்னு போட்டிருக்கு? புஸ்தகத்துல இல்லியே! அட... வேரைப் புடிச்சு மேல ஏறி வந்துட்டா! அம்மா, சின்னத்தாயி சாகலை! சாகவே இல்லை! அதே கோடு, அதே மூக்குத்தி! உங்கப்பா போயி முப்பது வருசமாச்சே, இதை எப்ப வரைஞ்சாரு?

— எங்கப்பனுக்குக் கையெழுத்தே வராதுங்க. பொம்பளை வரைஞ்சதுன்னா போட மாட்டாங்கன்னு அவரு பேரைப் போட்டு அனுப்புனேன். கையை எடுங்க சாமி, இந்தப் பனியில மை இன்னும் காயலைங்க.