ஐம்பத்தெட்டாம் இதழின் முப்பத்தொன்றாம் பக்கம்

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டன. வயது ஐம்பத்திரண்டு. கடைவீதியில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடமாக லென்ஸ் தேய்த்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். மனைவியும் நானும் இரண்டு அறை கொண்ட மாடி வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. இதற்கு முன் என் மீது எந்த வழக்கும் கிடையாது. நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணியளவில் மூடிக்கிடக்கும் அச்சகக் கட்டடத்தினுள் அனுமதியின்றி நுழைந்து தரையை உடைத்ததாக, கட்டடத்தின் தற்போதைய உரிமையாளர் கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்க, நான் சொல்வதாவது: நுழைந்ததும் உண்மை, உடைத்ததும் உண்மை. ஏன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்குப் பழைய படக்கதைப் புத்தகங்கள் சேர்க்கும் பழக்கம் உண்டு. எல்லாப் புத்தகமும் அல்ல. ஒரே இதழ் ஒரே மாதத்தில் அச்சாகி, சில பிரதிகளில் மட்டும் அட்டையின் நிறமோ படமோ வசனமோ மாறியிருக்கும். அவற்றை நாங்கள் மாற்றுப் பிரதி என்போம். அப்படிப்பட்டவற்றைத் தேடி எடுத்து, அந்த மாற்றம் எப்படி வந்தது என்று அச்சகம் வரை போய் விசாரிப்பதுதான் என் வேலை. தொழில் காரணமாக எப்போதும் சட்டைப் பையில் பூதக்கண்ணாடி இருக்கும். அதை வைத்து அச்சுப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பேன் என்பதால் சக சேகரிப்பாளர்கள் என்னைப் 'புள்ளி' என்று கூப்பிடுவார்கள். வீட்டில் புத்தகங்களுக்குக் கட்டிலும் எங்களுக்குத் தரையும் என்று ஆனபோது என் மனைவி, "உங்களுக்கு வாக்கப்பட்டதுக்கு ஒரு பழைய பேப்பர் கடைக்காரனுக்கு வாக்கப்பட்டிருந்தா, அவன் அப்பப்பவாவது எடை போட்டுத் தள்ளியிருப்பான்" என்று சொன்னதுண்டு.

பத்தொன்பது வருடத்துக்கு முன் பழைய பேப்பர் கடை ஒன்றில் 'கடலடி வேவுகாரன்' மாத இதழின் ஐம்பத்தெட்டாம் எண் எனக்குக் கிடைத்தது. அது வெளிவந்து இப்போது முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. அதன் முப்பத்தொன்றாம் பக்கத்தில் கடைசிக் கட்டத்தில் கடத்தல்காரர்களின் கிடங்கும் ஒரு சரக்கு லிப்டும் வரையப்பட்டிருக்கும். எல்லோரிடமும் உள்ள பிரதியில் லிப்டுக்குக் கீழே வெறும் தரை, வேவுகாரன், "இங்கே ஒன்றுமில்லை. மேலே போய்த் தேடுவோம்" என்பான். என் பிரதியில் லிப்ட் வாசலில் ஒரு பெண்ணின் செருப்பு ஜோடி கிடக்கும். இடது செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கும். வசனம், "அவள் எங்கும் போகவில்லை. இங்கேதான் கிடக்கிறாள்" என்றிருக்கும். கதையில் அந்த இடம் வரை எந்தப் பெண்ணும் வருவதில்லை. ஆகவே வேறு கதையின் படம் தவறிப்போய் இதில் சேர்ந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படியே நம்பினேன். இதுபோல் ஆறு பிரதிகள் மட்டுமே உள்ளதாகத் தெரியவந்தது. அந்த ஆறில் ஒன்று என்னிடம் இருப்பதைப் பற்றிப் பலரிடம் பெருமையடித்திருக்கிறேன். அந்த வசனத்தை வேடிக்கையாகச் சொல்லிக் காட்டியும் இருக்கிறேன்.

சென்ற டிசம்பரில் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, சாதாரணப் பிரதியில் அந்தக் கட்டத்தின் கோடுகள் பக்கத்துக் கட்டத்தின் கோடுகளோடு மயிரிழை அளவு சேராமல் நிற்பதைக் கண்டேன். மாற்றுப் பிரதியில் அந்தக் கோடு ஒரே இழுப்பாகப் போகிறது. அதாவது ஒட்டுப் போட்டது எல்லோரிடமும் உள்ள பிரதியில்தான். செருப்பு உள்ள படம்தான் ஓவியர் முதலில் வரைந்தது. தவறி வந்த படம் என்பது தவறு, யாரோ அதை வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு ஓவியரின் வீட்டைத் தேடிப் போனேன். அவர் இறந்து பல வருடமாகிவிட்டது. அவருடைய மனைவி என்னை உட்கார வைத்து, பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் புத்தகம் வந்த மாசத்தோட அவரை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் கடைக்குப் போர்டு எழுதினார், படம் போடல" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, அச்சகத்தில் புத்தகத்துக்குக் கம்பிப் பின் அடிக்கும் வேலை செய்த ஒரு பெண் அதற்கு முந்தின மாதம் ஒரு சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப்போய்விட்டதாகப் பேசிக்கொண்டார்கள் என்றும், அந்தப் பேச்சை எடுத்தாலே தன் கணவர் சாப்பாட்டின் நடுவிலேயே எழுந்து கையைக் கழுவிவிடுவார் என்றும், மேற்கொண்டு தெரிய வேண்டுமானால் ஃபோர்மேனைத்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்.

அதன் பிறகு பிப்ரவரி ஒன்பதாம் தேதி மாலை நான்கு மணிக்கு அச்சகத்தின் பழைய ஃபோர்மேனை அவருடைய மகள் வீட்டு மாடியறையில் பார்த்தேன். வயது எண்பத்தொன்று. மூச்சுவிடச் சிரமப்பட்டார், ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. பக்கத்தைக் காட்டியதும் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைத் தேடிக்கிட்டு யாராவது வருவாங்கன்னு இருந்தேன். போலீஸ் வரும்னு நெனச்சேன்" என்றார். அவர் சொன்னதாவது: அச்சகத்தின் சரக்கு லிப்ட் கம்பி தேய்ந்திருப்பதாக அவரே முதலாளியிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில், லிப்ட் குழிக்குள் விழுந்த தாள் கட்டை எடுக்க அந்தப் பெண் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே இறங்க, கம்பி அறுந்து லிப்ட் அவர் மேல் இறங்கிவிட்டது. வெளியே தெரிந்தால் அச்சகத்துக்குப் பூட்டுத்தான், நாற்பது குடும்பம் தெருவுக்கு வரும் என்று முதலாளி சொன்னார். மின்சாரம் பழுது என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முதலாளியும் ஃபோர்மேனும் சேர்ந்து லிப்டைத் தூக்கி நிறுத்தி, உடலை எடுக்காமலே குழியைச் சிமெண்ட் போட்டு மூடினார்கள். சாயங்காலம் தேடி வந்த கணவரிடம், மதியமே தாள் கொண்டுவரும் லாரி டிரைவரோடு கிளம்பிப் போய்விட்டாள் என்று சொன்னது ஃபோர்மேன்தான். லாரி டிரைவர் என்பது அந்த நிமிடத்தில் தன் வாயில் வந்தது என்றார்.

வரைந்த பக்கங்களைக் கொடுக்க அன்று மதியம் வந்த ஓவியர், லிப்ட் வாசலில் செருப்பைப் பார்த்திருக்கிறார். மறுநாள் குழி மூடியிருந்ததையும் பார்த்திருக்கிறார். அவருக்கு மூன்று பிள்ளைகள்; வாயைத் திறக்கப் பயம். அடுத்த இதழில் வரைந்து வைத்துவிட்டார். அச்சு ஓடிக்கொண்டிருந்தபோது ஃபோர்மேன் தற்செயலாகத் தாளை எடுத்துப் பார்த்து மெஷினை நிறுத்தி, அந்தக் கட்டத்தை வெட்டி வேறு படம் ஒட்டி, புதிய அச்சுத் தகடு போட்டு ஓட்டினார். அதற்கு முன் அச்சானதை எரித்தார்கள். ஒரே ஒரு கட்டு மட்டும் அதற்குள் பைண்டிங்குக்குப் போய்விட்டது. எங்களிடம் உள்ள ஆறும் அந்தக் கட்டில் உள்ளவை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுக்கச் சொன்னார். ஒட்டுப் போடுவதற்காக வெட்டி எடுத்த மூலப் படம், ஓவியர் கையால் மையில் வரைந்தது, வெள்ளைத் தாளில் சுற்றி அதில் இருந்தது. "இதை நீ வச்சுக்கோ. நான் கண்ணை மூடற வரைக்கும் வாயைத் திறக்காதே. அதுக்கப்புறம் உன் இஷ்டம்" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். யோசித்து வாங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பது தெரிந்தும், அந்தப் படம் உலகத்தில் ஒன்றே ஒன்று என்பதுதான் படியிறங்கும்போது என் மனதில் இருந்தது. அதன் பிறகு பதினோரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் அந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பேன்.

அந்தப் பெண்ணின் கணவர் தையல்காரர் என்றும், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெருவில் இன்னமும் கடை வைத்திருக்கிறார் என்றும் ஃபோர்மேன் சொல்லியிருந்தார். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி அங்கே போனேன். சும்மா போக முடியாமல் ஒரு பேன்டை நீளம் குறைக்கக் கொண்டுபோனேன். எழுபது வயதிருக்கும், வாயில் ஊசியை வைத்துக்கொண்டு முழங்காலிட்டு என் காலில் அளவெடுத்தார். வீட்டில் தைக்கத் தெரிந்தவர் யாரும் இல்லையா என்று பேச்சுவாக்கில் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, உங்கள் வீட்டம்மாவுக்குத் தையல் தெரியுமா என்று நான் கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன். அவர் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "அவ பிடிச்ச இடத்துக்குப் போயிட்டா. முப்பத்தெட்டு வருசம் ஆச்சு. எங்க இருந்தாலும் நல்லா இருந்தா சரி" என்றார். நான்கு நாள் கழித்து வரச் சொல்லி, என் தொலைபேசி எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டார். நான் சொல்லவில்லை. பேன்டை வாங்கவும் போகவில்லை. நான் வேலைக்குப் போகும் வழி அதுதான் என்றாலும் அன்றிலிருந்து சந்தைப் பக்கமாகச் சுற்றிப் போனேன்.

ஏப்ரல் இருபத்தேழாம் தேதி காலை ஒரு பெண் தொலைபேசியில், "உங்க பேன்ட் ஒண்ணு அப்பாகிட்ட இருக்குங்க. அப்பா பதினாலாம் தேதி தவறிட்டார். கடையைக் காலி பண்றேன், வந்து வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்டார். அவர்தான் அந்த மகள். தாய் காணாமல் போனபோது வயது மூன்று. இப்போது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். நான் போனபோது முடிக்காத துணிகளை ஒரு பக்கமும் முடித்தவற்றை ஒரு பக்கமுமாக அடுக்கிக்கொண்டிருந்தார். என் பேன்ட் முடித்த பக்கம் இருந்தது. அதை என் கையில் கொடுத்தார். அதன் பிறகு நான் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

படத்தைக் காட்டியபோது அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துல பசங்க என்னை லாரின்னுதான் கூப்பிடுவாங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு, "அப்பாகிட்ட அளவு கொடுக்க வந்தீங்களே, அப்பவே தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார். தெரியாது, அப்போது விசாரித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொன்னேன். அது பொய்.

காவல் நிலையத்துக்குப் போவோம் என்று நான் சொன்னதற்கு அவர், "முப்பத்தெட்டு வருசத்துக்கு முந்தின பொம்மைப் படத்தைக் கொண்டுபோய் நீட்டினா, டீ குடிச்சிட்டுப் போங்கம்மான்னு சொல்லுவாங்க. முதல்ல பார்ப்போம்" என்றார். அதன் பிறகு நேற்று அவர் கடப்பாரையும் நான் சுத்தியலும் கொண்டுபோனோம். அச்சகம் இப்போது பிளாஸ்டிக் நாற்காலிக் கிடங்காக உள்ளது. பின்கதவின் தாழ்ப்பாள் ஏற்கெனவே உடைந்திருந்தது. நாற்காலிகளை நகர்த்தி லிப்ட் இருந்த இடத்தைக் கண்டுபிடித்து உடைக்கத் தொடங்கினேன். சத்தம் கேட்டு வந்த காவலாளி விசில் ஊதினார். நாங்கள் ஓடவில்லை என்பதால் அவருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒன்றரை அடிக்குக் கீழே துணி தெரிந்தது. பிறகு துணியில் இருந்ததும் தெரிந்தது. தையல்காரர் மகள், "போதும். இனிமே நீங்க தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, தன் கைப்பையிலிருந்து வேலைக்கு வைத்திருக்கும் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, சிதறிய சிமெண்ட் தூளை மட்டும் ஓரமாக ஒதுக்கினார். பிறகு அவரே நிலையத்துக்குப் போன் செய்தார். அதிகாரிகள் வரும்வரை காவலாளி எங்கள் இருவருக்கும் தனக்கும் நாற்காலி எடுத்துப் போட்டார்.

மாற்றுப் பிரதியையும் மூலப் படத்தையும் ஒப்படைத்துவிட்டேன். திருப்பிக் கேட்க மாட்டேன். ஃபோர்மேன் உயிரோடு இருக்கிறார், முகவரி கொடுத்துள்ளேன்.

இந்த இடத்தில் நான் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதுவது கால் மணி நேரம் நிறுத்தப்பட்டது. வெளியே பெஞ்சில் இருந்த தையல்காரர் மகளிடம், பிப்ரவரியிலேயே எனக்கு எல்லாம் தெரியும் என்பதையும், அன்று அவர் தகப்பனார் என்ன சொன்னார் என்பதையும், நான் எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, "ரெண்டு மாசம் இருந்துச்சே" என்றார். பிறகு பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்துகொண்டு, "உள்ள போய் முடிச்சிட்டு வாங்க" என்றார். நான் உள்ளே வந்து தொடர்ந்தேன்.

மேலே எழுதியவை யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இன்றி நானாகச் சொன்னவை. உதவி ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். தையல்காரரைப் பார்த்த இடத்தில் 'சொல்ல இயலவில்லை' என்று எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு 'சொல்லவில்லை' என்று எழுதக் கேட்டேன். பொருள் ஒன்றுதானே என்றார். இல்லை என்றேன். திருத்திய இடத்தின் ஓரத்திலும் கீழேயும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)