சாயத் தெரியாத வண்டி

– இல்லண்ணே, அந்த டயரை உங்களுக்குத் தர மாட்டேன். கடை என்னோடது, தர மாட்டேன்னு சொல்ற உரிமையும் என்னோடதுதானே?

– ஏம்மா, இந்த வண்டிக்கு உன்னைவிட வயசு கூட. இதே டயரைத்தான் காலம் பூரா போட்டுக்கிட்டிருக்கேன். உங்கப்பா கடையில இருந்தப்ப ஒரு கேள்வி கேக்காம எடுத்துக் குடுப்பாரு.

– அப்பா ஏன் கேக்கல? அப்ப உங்க மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்துல ஆள் உக்கார்ற சைடுகார் இருந்துச்சு. மூணு சக்கரம். அதுக்குத்தான் இந்த சப்பை டயர், தரையில தட்டையா உக்காரும். இப்ப சைடுகாரைக் கழட்டிட்டு வந்து நிக்கிறீங்க. கேட்டுக்கோங்க, இதைப் போட்டுக்கிட்டு முதல் வளைவுல சாய்ச்சீங்கன்னா வண்டி ஒரு பக்கம் போகும், நீங்க ஒரு பக்கம் போவீங்க.

– அது கிடக்கட்டும். நான் சாய்க்க மாட்டேன்.

– சாய்க்காம எப்படித் திருப்புவீங்க? உங்களுக்காக ரோடெல்லாம் நேராப் படுத்துக்குமா?

– மெதுவாத் திருப்புவேன். சைடுகார் வண்டி சாயாதும்மா. முரட்டு மாட்டைத் திருப்புற மாதிரி ஹேண்டிலைப் பிடிச்சு இழுக்கணும். கை அப்படியே பழகிப் போச்சு. நேத்து எங்க சந்து முனையில சாய்ச்சுத்தான் பாப்போமேன்னு பாத்தேன், நேரா சுவத்துல போய் முட்டிக்கிட்டேன்.

– அதான் முழங்கையில பிளாஸ்திரியா? பூனை பிறாண்டிடுச்சோன்னு நினைச்சேன். இந்தாங்க, இதைத் தொட்டுப் பாருங்க. நல்லா உருண்டை. ஓரம் வரைக்கும் தரையைப் பிடிக்கிற ரப்பர் பட்டன் இருக்கு. பாக்கத்தான் அந்தக் காலத்து டிசைன், ரப்பர் புதுசு. முன் சக்கரத்துக்கு நீளக் கோடு போட்டது. எவ்வளவு சாய்ச்சாலும் தரையை விடாது.

– வண்டியைவிட உன் வாய் நல்லா ஓடுது.

– எங்க வீட்லயும் அதைத்தான் சொல்றாங்க. சரி, இதைச் சொல்லுங்க. பின்னாடி யாராவது உக்காருவாங்களா? பாரத்தைப் பாத்துத்தான் பின் டயர் எடுக்கணும்.

– யாருமில்ல. நான் மட்டும்தான்.

– அப்ப சைடுகார்ல வருவாங்களே, உங்க அக்கா? மடியில குடையை வெச்சுக்கிட்டு ராணி மாதிரி உக்காந்திருப்பாங்க. சின்னப் பிள்ளையில இந்த வாசல்ல நின்னு கை காட்டுவேன், அவங்களும் காட்டுவாங்க. கால் முடியாதவங்க, இல்ல?

– சின்ன வயசுல ஒரு காய்ச்சல், அதுல போச்சு கால். காலையில டெலிபோன் ஆபீஸ்ல கொண்டுபோய் விடுவேன், சாயங்காலம் போய் நிப்பேன். எனக்கு வெளியூர்ல நல்ல வேலை ஒண்ணு வந்துச்சு, போகல. பொண்ணு பாக்கப் போன இடத்துல, அக்காவும் கூடவே இருக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டாங்க. காப்பியை வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

– அடப் பாவமே.

– பாவமெல்லாம் இல்லம்மா. அக்கா வழியெல்லாம் பேசிக்கிட்டே வரும். வண்டிச் சத்தத்துல பாதி காதுல விழாது, சும்மா தலையாட்டுவேன். இப்ப பாரு, ஓட்டும்போது இடது பக்கம் காத்து அடிக்குது. அந்தப் பக்கமெல்லாம் எனக்குக் காத்து அடிச்சதே இல்ல.

– கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாங்களாண்ணே?

– எங்க? சிரிச்சுக்கிட்டேதான் போச்சு.

– கொடுத்து வெச்சவங்க. அண்ணே, உங்க போன் அடிக்குது.

– அடிக்கட்டும்.

– நின்னுட்டு மறுபடி அடிக்குது பாருங்க. யாரோ அவசரமா… ஐயோ! "அக்கா"ன்னு காட்டுதே! போய்ச் சேந்தவங்க எப்படிண்ணே போன் பண்ணுவாங்க?

– அக்கா செத்துப் போச்சுன்னு நான் சொன்னேனா? கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிடுச்சு. கூட வேலை பாத்த மனுஷன். அறுபது வயசுக்கு மேல ரெண்டு பேருக்கும் மாலை. கார்ல வந்து கூட்டிக்கிட்டுப் போனாரு.

– நல்ல விஷயம்தானேண்ணே! இதுக்கா இழவு வீட்டு முகத்தை வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க?

– நல்ல விஷயம்தான். யாரு இல்லேன்னா? காலையில பழக்கத்துல ரெண்டு டம்ளர்ல டீ ஊத்துறேன். அப்புறம் ஒண்ணைத் திருப்பிப் பாத்திரத்துல ஊத்துறேன். நல்ல விஷயம்தான்.

– போனை எடுங்க முதல்ல.

– எடுத்து என்ன பேச? இத்தனை வருஷம் சுமந்தேனே, ஒரு நிமிஷத்துல இறங்கிப் போயிட்டியேன்னா? நீ எடு. நான் இல்லேன்னு சொல்லிடு.

– கையெல்லாம் கருப்பு, ஸ்பீக்கர்லதான் போடணும். ஹலோ! டயர் கடைங்க. அண்ணனா? அவரு… போனை இங்க வெச்சுட்டு வெளியே போயிருக்காரு.

– உனக்குப் பொய் வரலை கண்ணு. அங்கதான் நிக்கிறான். டயர்க்காரர் பொண்ணுதானே நீ? சப்பை டயர் கேக்குறானா?

– ஆமாக்கா. சாய்க்கவே மாட்டேங்கிறாரு.

– குடுக்காதே. உருண்டையா இருக்கிறதையே போட்டு அனுப்பு. தனியா ஓட்டிப் பழகட்டும்.

– என்னக்கா இப்படிப் பேசுறீங்க? உங்களைக் கொண்டுபோய் விடணும்னே வேலையை விட்டாரு, கல்யாணத்தை விட்டாரு. மனுஷன் உங்களுக்காகவே இருந்துட்டாரு.

– உன்கிட்டயும் சொல்லிட்டானா? எங்க ஆபீஸ்ல என்னை மாதிரி ஆளுங்களுக்குன்னு வேன் விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு, கண்ணு. வீட்டு வாசலுக்கே வரும். வேண்டவே வேண்டாம்னு சொல்லிட்டேன். நானும் அதுல ஏறிட்டா, அவன் யாரைக் கூட்டிக்கிட்டுப் போவான்?