பெயரைப் படித்த இயந்திரம்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே! முன்வரிசையில் இருக்கும், மறைந்த அம்மையாரின் கணவரே, தங்கையே! இந்த மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் என் சக பொறியாளர்களே! கலங்கிய மனத்தோடு எல்லோருக்கும் வணக்கம்.

நம் மூத்த பொறியாளர், நாமெல்லாம் செல்லமாகப் 'பஞ்சாயத்தம்மா' என்று கூப்பிட்ட அந்தப் பெருமாட்டி மறைந்து பதினோரு நாள் ஆகிறது. அவர் உருவாக்கிய இணைப்பு இயந்திரம் வரும் திங்கட்கிழமை முதல் அவர் பெயரிலேயே, யாரையும் கேட்காமல் தானாக இயங்கும் என்று இயக்குநர் அவர்கள் சற்றுமுன் அறிவித்தார்கள். இரங்கல் கூட்டம் என்பதையும் மறந்து நீங்கள் கைதட்டினீர்கள். இந்தக் குழுவின் தலைவனான நான் தட்டவில்லை. எப்படித் தட்டுவேன்? இந்தப் பதினோரு நாளாக ஓர் இடத்தில் உட்கார முடியாமல் அலைகிறேன். இப்போதும் பாருங்கள், இந்த மைக்கைத் திருகிக்கொண்டேதான் பேசுகிறேன்.

அவர் செய்த வேலை என்ன? குடும்பத்தாருக்காகச் சொல்கிறேன். மருத்துவமனையில் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்கு நாங்கள் நிரல் எழுதுகிறோம். ஒரே நிரலை இரண்டு பேர் தனித்தனியாக எடுத்துப்போய், ஒரே வரியை ஆளுக்கு ஒரு விதமாக மாற்றிக்கொண்டு வருவார்கள். இரண்டையும் ஒன்று சேர்க்கும்போது எந்த வரியை வைப்பதென்று தெரியாமல் கணினி கையை விரித்துவிடும். அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் பஞ்சாயத்தம்மா!

ஒருமுறை, முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் ஒரு வரிக்காக மோதினார்கள். குழாயில் காற்றுக்குமிழி வந்தால் எத்தனை நொடியில் அலாரம் அடிக்க வேண்டும் என்பதுதான் வழக்கு. இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்தார். "யாரு ஜெயிக்கணும்னு நான் கேக்கல. எதுக்கு மாத்தினீங்க, அத மட்டும் சொல்லுங்க" என்றார். அரை மணி நேரத்தில் இரண்டு வரியும் போய் மூன்றாவதாக ஒரு வரி வந்தது. இருவரும் சேர்ந்து காபி குடிக்கப் போனார்கள்! அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒருவர் எத்தனை பேருக்குத்தான் பஞ்சாயத்து பண்ண முடியும்? அதனால் மோதும் இரண்டு வரிகளில் எதை வைப்பதென்று தானே முடிவெடுக்க ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தார். ஒன்பது ஆண்டுகளில் நாம் தீர்த்த மோதல்கள் அத்தனையையும் அதற்கு ஊட்டினார். சோதனைக்கு நூறு பழைய மோதல்களைக் கொடுத்தோம். தொண்ணூற்றொன்றில் நாம் எடுத்த முடிவையே அதுவும் எடுத்தது. தலைகால் புரியாமல் குதித்தோம். அவர் மட்டும் உம்மென்று இருந்தார்.

"என்னங்க, உங்க பிள்ளை பாஸாயிடுச்சு, கொஞ்சம் சிரிக்கக் கூடாதா?" என்றேன்.

"நாம செஞ்சத அப்படியே செஞ்சிருக்கு சார். நாம செஞ்சது சரியான்னு யாரு பார்த்தா?"

மறுநாள் அந்த மோதல்களில் யார் எந்த வரியை எழுதினார்கள் என்ற பெயர்களை மட்டும் அழித்துவிட்டு மறுபடி சோதித்தார். தொண்ணூற்றொன்று ஐம்பத்தெட்டாக விழுந்தது. என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"கோவிச்சுக்காதீங்க சார். அது வரியப் படிக்கல, பேரப் படிக்குது. உங்க பேரு இருந்தா கண்ண மூடிக்கிட்டு உங்க பக்கம் சாயுது."

"அப்போ நான் எழுதினதுதான் சரின்னு அர்த்தம்!"

"இருக்கலாம். ஒண்ணொண்ணா பார்த்துடலாமா?"

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. நண்பர்களே, அந்தப் பழக்கத்தை இயந்திரம் யாரிடம் கற்றது? நம்மிடம்தான்! 'பெரியவர் வரி, நமக்கெதுக்கு வம்பு' என்று நீங்கள் ஒதுங்கிப் போனீர்கள். அதை என் திறமை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நான் ஜெயித்த மோதல்கள் ஆயிரத்து நூற்று நாற்பது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் பத்துப் பத்தாகப் பார்த்தார். எண்ணூற்றுப் பன்னிரண்டு முடித்தார். அதில் நாற்பத்தேழில் எதிராளி எழுதியதுதான் சரி. அந்த நாற்பத்தேழில் ஒன்று அவர் எழுதியது!

மின்சாரம் போய் வந்தால், செவிலியரைக் கேட்காமல் கருவி மருந்தை மறுபடி ஏற்றக் கூடாது என்று ஏழு ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதியிருந்தார். தானாகவே தொடரட்டும் என்று நான் எழுதியிருந்தேன். வெளியீட்டு நாள் அவசரத்தில் என் வரியை வைத்துவிட்டேன். "இத மாத்தணும் சார், பேசணும்" என்று கடைசி மாதத்தில் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் "அப்புறம் பாக்கலாம்" என்று அனுப்பினேன். பிறகு ஒரு வியாழக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

என் வரியால் யாருக்காவது தீங்கு நேர்ந்ததா? தெரியவில்லை. புகார் வரவில்லை. புகார் வரவில்லை என்பது ஒரு பதிலா? அவருடைய வரியை இன்று காலை நிரலில் சேர்த்துவிட்டேன். சோதனை முடியும்வரை கருவிகளை எப்படிக் கையாள வேண்டும் என்று மருத்துவமனைகளுக்குக் கடிதமும் போய்விட்டது. ஐயா, உங்கள் மனைவி ஏழு ஆண்டுகளுக்கு முன்பே சரியாக எழுதினார். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன், மன்னியுங்கள்.

இயக்குநர் அவர்களே, திங்கட்கிழமைக்கான அனுமதித் தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னும் முந்நூற்று இருபத்தெட்டு பாக்கி இருக்கின்றன. அவற்றை ஆராயாமல் அந்த இயந்திரத்துக்கு அவர் பெயரைச் சூட்டினால், அது அவருக்குச் செய்யும் மரியாதையா? என் பிடிவாதத்துக்கு அவர் பெயரைப் போர்த்துகிறோம், அவ்வளவுதான்!

அந்த வேலையை நான் முடிக்கிறேன். ஆனால் தனியாக முடியாது. இந்த அறையில் யார் யாருடைய வரியை நான் தள்ளிவிட்டேன்? தயவுசெய்து எழுந்து நில்லுங்கள். தயங்க வேண்டாம்.

நன்றி... நீங்களும்... சுவரோரம் நிற்பவர்கள் கையையாவது தூக்குங்கள். அடடா, இத்தனை பேரா! யாரோ மேடையில் நாற்காலியை நகர்த்துகிறார்கள்... இயக்குநர் அவர்களே, நீங்களுமா? ஆமாம், நீங்களும் ஒரு காலத்தில் எங்களோடு உட்கார்ந்து நிரல் எழுதியவர்தானே. எனக்கு மறந்தேபோய்விட்டது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உங்களோடு தொடங்குகிறேன், ஐயா. பிறகு ஒவ்வொருவராக, கடைசி ஆள் வரைக்கும். எதற்காக அந்த வரியை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன்.